நாற்பதாவது மூத்த குடிமகன்

தனியாக இருப்பது அவ்வளவு சுலபமில்லை. அதற்கு நான்கு பக்கப் படிவம் இருக்கிறது. அடையாள அட்டை, இரண்டு புகைப்படம், பிள்ளைகள் எந்த நாட்டில் இருக்கிறார்கள், கடைசியாக எந்தத் தேதியில் வந்து போனார்கள், எல்லாம் எழுதிக் கொடுத்தால்தான் நீங்கள் தனியாக இருக்கிறீர்கள் என்று காவல் துறை ஒப்புக்கொள்ளும். அதுவரைக்கும் நீங்கள் சும்மா வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள், அவ்வளவுதான்.

புனேயில், விமான் நகருக்கும் லோஹேகாவுக்கும் நடுவே, டேகடிவாடி என்று ஒரு காவல் நிலையம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் தேட வேண்டாம், கிடைக்காது. கிடைக்கிற மாதிரி எழுதினால் எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அந்த நிலையத்தில் ஹவல்தாராக, அதாவது தலைமைக் காவலராக, இருந்தவர் பாலசுப்ரமணியன். கட்கி தொழிற்சாலையில் வேலைக்கு வந்த ஒரு வேலூர்க்காரரின் மகன். பிறந்தது, படித்தது, முப்பத்து மூன்று வருடமாகக் காக்கி போட்டது எல்லாம் புனேயில்தான். மராத்தியில் அதட்டுவார், ஹிந்தியில் விசாரிப்பார், தமிழில் பேசுவதற்கு வீட்டில் ஒருத்தி இருந்தாள். பாமா. மகள் வைஷுவின் பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று சொல்லிக் கோயம்புத்தூர் போனவள். பேரனுக்கு இப்போது இரண்டரை வயது. வைஷு கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்குப் போகிறாள், குழந்தையை யார் பார்ப்பது? பாமா அங்கே, பாலு இங்கே. போலீஸ் குடியிருப்பில் இரண்டாவது மாடி, ஒரு குக்கர், ஒரு தட்டு.

போன வருடம் துணை ஆணையர் சாகேப் ஒரு திட்டம் தொடங்கினார். பெயர் ‘சோபத்’. மராத்தியில் துணை, கூட இருப்பது என்று பொருள். தனியாக வாழும் அறுபது வயது தாண்டியவர்களைக் காவலர்கள் தினமும் போய்ப் பார்க்க வேண்டும். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? ஆனால் நல்ல காரியத்தைச் செல்போனுக்குள் போட்டுவிட்டார்கள். ஒரு வீட்டுக்கு ஏழு நிமிடம். ஏழுக்குக் குறைந்தால் வருகை செல்லாது, எட்டைத் தாண்டினால் போன் கத்தும். பதினான்கு கேள்வி. கடைசிக் கேள்வி, ‘ஒன்று முதல் பத்து வரை உங்கள் தனிமை எவ்வளவு?’ அப்புறம் மூத்த குடிமகனும் காவலரும் சேர்ந்து ஒரு படம். அதில் இரண்டு முகம் இருக்க வேண்டும், இரண்டும் சிரிக்க வேண்டும். சிரிப்பு போதாவிட்டால் போன் அந்தப் படத்தை வாங்காது. ‘இன்னும் கொஞ்சம் மகிழ்ச்சியாக’ என்று எழுத்து ஓடும்.

பாலுவின் பட்டியலில் கிரிஜா மாமி என்று ஒரு தமிழ்க்காரி உண்டு. விமான் நகரில் ஒன்பதாவது மாடி. வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்து நான்கு, மகன் அபினவ் அமெரிக்காவில். அவர் போடும் காப்பிக்கே ஒன்பது நிமிடம் ஆகும்.

“உன் போனை அணைச்சு வை, பாலு. பாலைப் பொங்க விடாம இது என்ன கத்தல்,” என்பார்.

“அணைக்க முடியாது மாமி. அணைச்சா நான் செத்துட்டேன்னு ரிப்போர்ட் போயிடும்.”

“போகட்டும். நாலு பேர் வந்து பாப்பா.”

அந்த வீட்டில் மட்டும் பாலுவுக்குச் சிரிப்பு ஒரே தடவையில் விழுந்துவிடும்.

அந்த மாதம் ஒன்றாம் தேதி பாமா போன் செய்தாள். வயிற்றில் கட்டி. கர்ப்பப்பையோடு எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் பதினெட்டாம் தேதி குறித்துக் கொடுத்திருந்தார்.

“எடுத்துச் சோதிச்சாத்தான் என்ன கட்டின்னு தெரியுமாமுங்க,” என்றாள். “நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். உள்ள கூட்டிட்டுப் போறப்ப வெளிய கதவுகிட்ட நின்னாப் போதும். வைஷு இருக்கா, மாப்பிள்ளை இருக்காரு. இருந்தாலும் நீங்க நின்னாப் போதுங்க.”

முப்பத்திரண்டு வருடத்தில் பாமா அவரிடம் கேட்டது கொஞ்சம். தீபாவளிக்கு அவர் பந்தோபஸ்தில் நின்றார், வைஷு பிறந்தபோது ஒரு மந்திரி வருகையில் நின்றார், அவளுடைய அப்பா காலமானபோது கணபதி ஊர்வலத்தில் நின்றார். ஊருக்கெல்லாம் காவல் நின்றவர் அவளுக்காக ஒரு கதவருகில் நின்றதில்லை. “வர்றேன். கண்டிப்பா நிப்பேன்,” என்றார். அன்றைக்கே பதினாறிலிருந்து ஐந்து நாள் விடுமுறை கேட்டு விண்ணப்பம் எழுதி, மேல் அதிகாரி இன்ஸ்பெக்டர் நிம்பால்கரின் மேஜையில் வைத்தார்.

வேறொன்றும் நடக்காமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கும். அதற்குள் இலக்கு வந்து நின்றது.

ஒவ்வொரு நிலையமும் நாற்பது தனியர்களைக் காட்ட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. டேகடிவாடியில் தேடித் தேடி முப்பத்தொன்பது பேர்தான் அகப்பட்டார்கள். ஒரு கிழவர் நாற்பதாவதாகச் சேர இருந்தார், கடைசி நேரத்தில் அவருடைய மகன் மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டான். நிம்பால்கர் சாகேப் அந்தக் குடும்பத்தின் மீது வழக்கு ஏதாவது போட முடியுமா என்று கூட யோசித்துப் பார்த்தார். முடியவில்லை.

நிலையத்தில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண் காவலர் சுஷ்மா. கெட்டிக்காரி. மாலை ஆறு மணிக்குப் பட்டியல் மூடிவிடும், ஐந்து ஐம்பதுக்கு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. பாலுவின் பெயரைப் போட்டாள், வயதை ஐம்பத்தேழு என்பதற்குப் பதில் அறுபத்தேழு என்று போட்டாள், முகவரி போலீஸ் குடியிருப்பு. நாற்பது. பச்சை விளக்கு எரிந்தது.

“ஒரு நாளைக்குத்தான் காகா,” என்றாள். ஐம்பது தாண்டிய எல்லாரும் அங்கே காகா, சித்தப்பா. “நீங்களும் தனியாத்தானே இருக்கீங்க? பொய் ஒண்ணும் எழுதலையே. நாளைக்கே எடுத்துடறேன்.”

மறுநாள் எடுக்கப் போனால் எடுக்க முடியவில்லை. ஒருவரைப் பட்டியலிலிருந்து நீக்க இரண்டே காரணத்தைத்தான் அது ஏற்றுக்கொண்டது. ஒன்று, காலமானார். இரண்டு, குடும்பத்தோடு சேர்ந்தார்.

“எது வசதி, காகா?” என்று கேட்டாள் சுஷ்மா. பாவம், அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை.

இரண்டாவதற்கு ஏதோ படிவம் வேண்டுமாம். அந்தப் படிவத்தை நிலையத்தில் யாரும் பார்த்ததில்லை. இதற்குள் போன் அதன் வேலையைத் தொடங்கிவிட்டது. போலீஸ் குடியிருப்பு யாருடைய சுற்றில் வருகிறது? பாலுவின் சுற்றில். ஆக, மூத்த குடிமகன் பாலசுப்ரமணியனைத் தினமும் காலை பத்து மணிக்கு ஹவல்தார் பாலசுப்ரமணியன் போய்ப் பார்க்க வேண்டும். வேலியில் போன ஓணானைக் காதில் விட்டுக்கொண்ட கதை என்பார்களே, இங்கே ஓணானுக்குக் காதைக் காட்டியதே சுஷ்மாதான்.

முதல் நாள் பத்து மணிக்கு அவர் தம் வீட்டுக்குப் போனார், பூட்டைத் திறந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். படம் எடுக்க இரண்டு முகம் வேண்டும். இருந்தது ஒன்று. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, குளியலறைக் கண்ணாடி முன்னால் போய்ப் பக்கவாட்டில் நின்று எடுத்தார். இரண்டு முகம் விழுந்தது. ‘இன்னும் கொஞ்சம் மகிழ்ச்சியாக’ என்றது போன். இன்னும் கொஞ்சம் மகிழ்ச்சியாக நின்றார். ஆறாவது தடவை வாங்கிக்கொண்டது.

கேள்விகளைச் சத்தமாகக் கேட்க வேண்டும், குரல் பதிவாகும். படிவத்தில் இருந்தபடி மராத்தியில் கேட்டார். “தாத்தா, இன்று சாப்பிட்டீர்களா?” பதில் தன்னால் தமிழில் வந்தது. “சாப்பிட்டேன். ராத்திரிச் சோத்துல தயிர் விட்டு.” அந்த வீட்டுக்குள் தமிழில் யாரோ பேசி இரண்டரை வருடம் ஆகியிருந்தது. போனில் பேசுவது வேறு. இது சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. “யாராவது வந்து போகிறார்களா?” “பால் பாக்கெட் போடறவன் வருவான். மணி அடிக்காம வெச்சுட்டுப் போயிடுவான்.” கடைசிக் கேள்வி வந்தது. தனிமை எவ்வளவு? மற்றவர்களிடம் கேட்கும்போது ஐந்து, ஆறு என்று தானாகவே போட்டுக்கொண்டு போகிறவர், அன்று நிஜமாகவே நினைத்துப் பார்த்தார். எட்டு என்றார். ஏழு நிமிடம் முடிந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

ஐந்து நாள் எட்டு விழுந்தது. ஆறாம் நாள் பாலுவுக்குக் குறிப்பாணை வந்தது. நிம்பால்கர் சாகேப் அதை அவரிடம் தாமே படித்துக் காட்டினார்.

“உங்கள் பொறுப்பில் உள்ள மூத்த குடிமகன் பாலசுப்ரமணியன் என்பவரின் தனிமை தொடர்ந்து எட்டாகவே இருந்து வருகிறது. நாள்தோறும் தாங்கள் சென்று பார்த்தும் அவருக்கு எவ்வித ஆறுதலும் கிடைக்கவில்லை எனத் தெரிகிறது. மூன்று நாளில் விளக்கம் தரவும். தனிமை ஐந்துக்குக் கீழே வரும்வரை தங்களுக்கு எவ்வித விடுமுறையும் கிடையாது.”

“சாகேப், அந்த ஆள் நான்தான்,” என்றார் பாலு.

“தெரியும். அதனால்தான் எனக்கு வருத்தம் அதிகம். வெளி ஆளைக் கவனிக்கவில்லை என்றால்கூடப் புரிந்துகொள்வேன்.”

“பெண்டாட்டி கோயம்புத்தூரில் இருக்கிறாள். பதினெட்டாம் தேதி ஆபரேஷன். லீவு கொடுத்தீர்கள் என்றால் நான் அவளிடம் போவேன், தனிமை தானாகக் குறைந்துவிடும்.”

நிம்பால்கர் மோசமான மனிதர் இல்லை. மீசையைத் தடவியபடி நியாயமாகவே யோசித்தார். “நீ போய்விட்டால், காலை பத்து மணிக்கு அவரை யார் போய்ப் பார்ப்பார்கள்? ஏற்கெனவே எட்டில் இருக்கிற மனிதர். தனியாக விட்டுவிட்டுப் போகலாமா, பாலா?”

பாலுவுக்கு ஒரு விநாடி அந்த மனிதரை நினைத்துக் கவலையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு, தனிமை எவ்வளவு என்ற கேள்விக்கு ‘இரண்டு’ என்றார். பொய்தான். பாமாவுக்காகச் சொன்ன பொய். அடுத்த நாளும் இரண்டு, அதற்கடுத்த நாளும் இரண்டு. விடுமுறை விண்ணப்பத்தை மறுபடி எழுதி எடுத்துக்கொண்டு போனபோது நிம்பால்கர் சாகேப் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“எட்டிலிருந்து இரண்டு. மாநகரத்திலேயே இப்படி ஒரு வீழ்ச்சி கிடையாதாம். துணை ஆணையர் சாகேப் நேரில் வந்து பாராட்டப் போகிறார். உனக்குச் சிறந்த காவலர் சான்றிதழ். அந்தப் பெரியவருக்குச் சால்வை.”

“என்றைக்கு, சாகேப்?”

“பதினெட்டாம் தேதி.”

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. பாலு வாய்விட்டுக் கெஞ்சினார். வேறு யாரையாவது மேடையில் ஏற்றுங்கள் என்றார், சான்றிதழைத் தபாலில் அனுப்புங்கள் என்றார். “உன் தனிமை நீங்கிய விழாவுக்கு நீயே வரவில்லை என்றால் நன்றாகவா இருக்கும்?” என்று கேட்டார் நிம்பால்கர். அன்று மாலை பாமாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவள் திட்டியிருந்தால் தேவலை. “சரிங்க. டியூட்டிதானுங்களே,” என்று சொல்லிவிட்டு, பேரன் சுவரில் கிறுக்கியதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

பதினெட்டாம் தேதி காலை பத்தரைக்குச் சமுதாயக் கூடத்தில் விழா. முப்பத்தொன்பது மூத்த குடிமக்களையும் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். இறங்க ஆசைப்பட்ட இருவரை இறங்க விடவில்லை. ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஒரு வடாபாவ், திட்டத்தின் விதிகள் அடங்கிய ஒரு கையேடு. துணை ஆணையர் பேசினார். மராத்தியில் பேசியதைத் தமிழில் தருகிறேன், கம்பீரம் கொஞ்சம் குறையலாம்.

“தனிமை என்பது மனசு சம்பந்தப்பட்டது என்று பழைய காலத்தில் நினைத்தார்கள். அது தகவல் சம்பந்தப்பட்டது. யார் எங்கே எத்தனை மணிக்குத் தனியாக இருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டால், அப்புறம் அவர் எப்படித் தனியாக இருக்க முடியும்? என் அப்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். நாக்பூரில் இருக்கிறார். இந்தத் திட்டத்தின் வேலையில் நான் அவரைப் பார்த்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. ஆனால் அங்கேயும் ஒரு காவலர் தினமும் போய்ப் படம் எடுத்து அனுப்புகிறார். எல்லாப் படத்திலும் அப்பா சிரிக்கிறார். என்னோடு இருந்தபோது அவர் அவ்வளவு சிரித்ததில்லை.”

பலத்த கைத்தட்டல். காவலர்கள் தட்டினார்கள்.

முதலில் பாலு சீருடையில் ஏறிச் சான்றிதழ் வாங்கினார். இறங்கியதும் நிம்பால்கர் அவரை மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குள் தள்ளினார். சீருடைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சுஷ்மா கொண்டுவந்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மூத்த குடிமகன் மேடையேறினார். துணை ஆணையர் சால்வையைப் போர்த்தும்போது முகத்தை உற்றுப் பார்த்தார்.

“இவரும் அந்த ஹவல்தாரும் ஒரே குடும்பமா?”

“ஆமாம் சாகேப். மிக நெருங்கிய உறவு,” என்றார் நிம்பால்கர்.

“அறுபத்தேழு வயது என்று சொல்லவே முடியாது. எல்லாம் நம் திட்டம்.” கையில் தேங்காயைக் கொடுத்து, ஒலிபெருக்கியை முன்னால் தள்ளினார். “சொல்லுங்கள் தாத்தா. இப்போது நீங்கள் தனியாக இருக்கிறீர்களா?”

பாலு கூட்டத்தைப் பார்த்தார். முப்பத்தொன்பது பேரும் அவரைப் பார்த்தார்கள். சற்று முன் இதே மேடையில் சான்றிதழ் வாங்கிய ஹவல்தாரை அவர்களுக்குத் தெரியாதா? ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. “இல்லை, சாகேப்,” என்றார் அவர். படம் எடுத்தார்கள். ‘இன்னும் கொஞ்சம் மகிழ்ச்சியாக’ என்றது யாருடைய போனோ.

இறங்கி வந்து சீருடைச் சட்டைப் பையிலிருந்து தம் போனை எடுத்தார். பதினொன்று ஐந்திலிருந்து பதினொன்று பன்னிரண்டுவரை வைஷு நான்கு தடவை கூப்பிட்டிருந்தாள். ஒரு செய்தி. ‘அம்மாவை உள்ள கூட்டிட்டுப் போறாங்கப்பா. ஒரு நிமிஷம் உங்க குரல் கேக்கணும்னு சொன்னாங்க. போயிட்டாங்க.’ ஆணிக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, ஐம்பத்தேழு வயது ஹவல்தார் சத்தமில்லாமல் அழுதார். தோளில் சால்வை இருந்ததால் அதில் துடைத்துக்கொண்டார்.

“பாலு,” என்று குரல் கேட்டது. கிரிஜா மாமி, கையில் கையேட்டை விரித்துப் பிடித்தபடி நின்றிருந்தார். மற்ற முப்பத்தெட்டுப் பேரும் வடாபாவைச் சாப்பிட்டார்கள், மாமி கையேட்டைப் படித்திருந்தார். வங்கிக்காரி, பொடி எழுத்தை விடுவாரா?

“விதி பதினொண்ணைப் பாரு. மூத்த குடிமகன் குடும்பத்தோட போய்ச் சேர விரும்பினா, அந்தச் சுற்றுக் காவலர் தானே கூட்டிண்டு போய், உறவுக்காராகிட்ட ஒப்படைச்சு, கையெழுத்து வாங்கிண்டு வரணும். இந்தியால எந்த ஊரா இருந்தாலும் சரி. படிவம் பின் அட்டைல இருக்கு. இது லீவே இல்லை. டியூட்டி.”

பாலு இரண்டு தடவை படித்தார்.

“போய்ட்டு வா. நீ வராத நாலு நாளும் நான் யாரோட தமிழ் பேசப் போறேன்னு தெரியலை. அது கெடக்கட்டும். போ,” என்றார் மாமி.

நிம்பால்கர் விதியை மூன்று தடவை படித்தார். “விடுமுறைதான் தர முடியாது. டியூட்டியை நான் எப்படித் தடுப்பேன்?” என்று கையெழுத்துப் போட்டார். மூத்த குடிமகன் ஒருவர், துணைக்குக் காவலர் ஒருவர் என்று சுஷ்மா பயண உத்தரவு அடித்துக் கொடுத்தாள்.

கோயம்புத்தூர் போய்ச் சேர இருபதாம் தேதி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் பாமா விழித்துக்கொண்டிருந்தாள். கட்டி சாதாரணக் கட்டிதான், பயமில்லை என்று வைஷு வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

“வந்துட்டீங்களா,” என்றாள் பாமா.

“வந்துட்டேன்.”

“உள்ள கூட்டிட்டுப் போறப்பக் கதவுப் பக்கமே பாத்துட்டுப் போனனுங்க. நீங்க இருக்க மாட்டீங்கன்னு தெரியும். இருந்தாலும் பாத்தேன்.”

பதில் இல்லாதபோது காகிதத்தை எடுக்கிற முப்பத்து மூன்று வருடப் பழக்கம், பையிலிருந்து படிவத்தை எடுத்தார். எடுத்த பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. சுஷ்மா, கண்ணாடி, எட்டு, இரண்டு, சால்வை, தேங்காய். பாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“சிரிக்க வைக்காதீங்க. தையல் இழுக்குது.” அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எட்டுன்னா சொன்னீங்க? எங்கிட்ட போன்ல நல்லா இருக்கேன்னே சொல்லிட்டிருந்தீங்களே.”

“நீ என்ன பதினாலு கேள்வி கேட்டு எழுதிக்கிட்டியா?”

மருந்து ஏறாத கையால் பேனாவை வாங்கினாள். மூத்த குடிமகனைப் பெற்றுக்கொண்டேன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். ‘பெறும்போது அவர் நிலை: நன்று, சுமார், மோசம்.’ அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ‘சுமார்’ என்பதைக் குறித்தாள். குறிப்பு என்று இருந்த இடத்தில், ‘இளைத்துவிட்டார்’ என்று தமிழில் எழுதினாள். முப்பது வருடம் புனேயில் இருந்தவள், மராத்தியை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். கடைசி வரியையும் படித்தாள்.

“இது என்னங்க? ஒப்படைத்த காவலர் அன்றே திரும்ப வேண்டும்னு போட்டிருக்குது?”

“அது போலீஸ்காரனுக்கு. நாலு மணிக்கு வண்டி.”

“அப்ப இங்க இருக்கப் போறது?”

“மூத்த குடிமகன். இனிமே அவர் இங்கதான், உன்கூட. ரிக்கார்டு ஆயிடுச்சு.”

பாமா படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

“சரிங்க. போறவரு போகட்டும். அவரை மட்டும் கொஞ்ச நேரம் இப்படி வந்து ஒக்காரச் சொல்லுங்க.”

மூன்றரை மணி வரைக்கும் மூத்த குடிமகன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றரைக்கு ஹவல்தார் எழுந்து ரயிலுக்குக் கிளம்பினார்.